காணொளி ஓடாதபோது: காரணமும் தீர்வும் எச்சரிக்கையும்

வங்கிப் பணிக்கும் காணொளிக்கும் என்ன தொடர்பு என்று சில ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், தொடர்பில்லை என்றே விடை வந்திருக்கும். இன்று நிலைமை மாறிவிட்டது. கணக்குத் தொடங்குவதற்கான அடையாளச் சரிபார்ப்பைக் காணொளி வழியே நடத்த இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் இசைவு அளித்தது. செயலியைப் பயன்படுத்தும் முறை, கடன் திட்டங்களின் விளக்கம், மோசடி குறித்த விழிப்புணர்வு ஆகியவை குறுங்காணொளிகளாக இணையத்தில் கிடைக்கின்றன. கிளைக்கு நேரில் வர இயலாத முதியவர்களுக்கும், பணி நேரத்தில் வெளியே செல்ல முடியாதவர்களுக்கும் இது பெரும் வசதி.

ஆனால், திறந்த காணொளி எப்போதும் ஓடிவிடுவதில்லை. சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஒலி கேட்கும், படம் தோன்றாது. அல்லது 'இவ்வடிவம் ஏற்கப்படவில்லை' என்று உலாவி கைவிரித்துவிடும். இக்கோளாறுகளுள் பெரும்பாலானவை சில நிமிடங்களில் தீரக்கூடியவை. காரணம் தெரியாத பொறுமையின்மைதான் ஆபத்தானது. அந்தப் பொறுமையின்மையைக் குறிவைத்தே, 'இந்தப் பிளேயரை நிறுவினால் படம் ஓடும்' என்ற தூண்டில் வீசப்படுகிறது. அதைக் கடித்தவர்கள் இழப்பது கணக்கிலுள்ள பணத்தை.

எனவே இப்பாடத்தில் மூன்று செய்திகளைக் கற்போம்: காணொளிக் கோப்பு என்பது என்ன, அது உலாவியில் ஓடாமற்போவதற்கான காரணங்களும் தீர்வுகளும் எவை, அந்தக் கோளாற்றைச் சாக்காகக் கொண்டு விரிக்கப்படும் வலையை எவ்வாறு அடையாளம் காண்பது.

1. கோப்புக்குள் என்ன இருக்கிறது?

ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குவோம். முழு உயர்தரக் காணொளியின் ஒவ்வொரு சட்டத்திலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் தேவை. நொடிக்கு 25 சட்டங்கள் வீதம் கணக்கிட்டால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 15.5 கோடி பைட். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 933 கோடி பைட். ஒரு நிமிடப் படம் 9 கிகாபைட்டுக்கு மேல் என்றால், நம் கைப்பேசியின் ஒரு நாள் இணைய அளவு சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும்.

அதனால்தான் காணொளி சுருக்கப்படுகிறது. ஒருவர் நாற்காலியில் அமர்ந்து பேசும் காட்சியில் அவருக்குப் பின்னாலுள்ள சுவர் மாறுவதில்லை. உதடும் கையும் மட்டுமே அசைகின்றன. மாறாத பகுதியை மீண்டும் மீண்டும் எழுதாமல், மாறியதை மட்டும் குறித்துக்கொண்டால் இடம் மிச்சமாகும். இத்தகைய பல உத்திகளின் பயனாக, அதே ஒரு நிமிடம் நொடிக்கு 5 மெகாபிட் வீதத்தில் 37.5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு. இவ்வாறு சுருக்குவதற்கும், சுருக்கியதை விரிப்பதற்குமான விதிமுறைக்குக் 'கோடெக்' என்று பெயர். 2003-இல் வெளிவந்த எச்.264, அதன் அடுத்த தலைமுறையாக 2013-இல் வந்த எச்.265 அல்லது எச்.இ.வி.சி., கூகுள் உருவாக்கிய வி.பி.9, பல நிறுவனங்கள் கூடி 2018-இல் வெளியிட்ட ஏ.வி.1 ஆகியவை இன்று பரவலாக உள்ள கோடெக்குகள்.

அப்படியானால் எம்.பி.4, எம்.ஓ.வி., எம்.கே.வி., வெப்.எம். என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் நிற்பவை எவை? அவை கொள்கலன்களின் பெயர்கள். நம் வீட்டு அடுக்குத் தூக்கை எண்ணிப் பாருங்கள். ஓர் அடுக்கில் சோறு, ஓர் அடுக்கில் குழம்பு, ஓர் அடுக்கில் பொரியல் இருப்பது போல, கொள்கலனில் படம், ஒலி, எழுத்துவரிகள் ஆகியவை தனித்தனி அடுக்குகளாக உள்ளன. எந்த நொடிக்குரிய தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையும் அதிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தூக்குகளும் ஒன்றுபோலவே தோன்றலாம். உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். எம்.பி.4 என்ற பெயருள்ள இரு கோப்புகளுள் ஒன்று ஓடுவதும் மற்றொன்று ஓடாததும் இதனாலேயே. ஒன்றினுள் எச்.264 இருக்கும், மற்றொன்றினுள் எச்.265 இருக்கும்.

கோப்பின் பின்னொட்டை எம்.கே.வி.யிலிருந்து எம்.பி.4 என்று பெயர் மாற்றினால் ஓடிவிடும் என எண்ணுவோர் உண்டு. தூக்கின் மேல் வேறு பெயர் எழுதி ஒட்டுவதால் உள்ளிருக்கும் பண்டம் மாறிவிடாது.

2. உலாவி ஏன் மறுக்கிறது?

தொடக்க கால உலாவிகளுக்குத் தாமாகக் காணொளியை ஓட்டத் தெரியாது. ஃப்ளாஷ் பிளேயர் போன்ற துணை மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. பாதுகாப்புக் குறைகள் அடிக்கடி வெளிப்பட்டதால், அத்துணை மென்பொருளை ஓயாமல் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 'பிளேயரைப் புதுப்பிக்கவும்' என்ற அறிவிப்பைக் கண்டவுடன் அழுத்தும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியது அக்காலத்தில்தான்.

துணை மென்பொருள் இல்லாமலே உலாவி காணொளியை ஓட்டுவதற்கு வழிசெய்த ஹெச்.டி.எம்.எல்.5 என்னும் தரநிலை, 2014 அக்டோபரில் முறைப்படி ஏற்கப்பட்டது. 2015 ஜனவரியில் யூடியூப் அதனைத் தன் இயல்பு முறையாக்கியது. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எந்த உள்ளடக்கமும் ஓடாதவாறு தடுத்தும்விட்டது. இன்று ஒரு தளம் ஃப்ளாஷ் பிளேயரைக் கேட்கிறதென்றால், அது பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்ற தளமாக இருக்க வேண்டும். இல்லையேல் மோசடித் தளமாக இருக்க வேண்டும்.

ஆயினும் எல்லா உலாவிகளும் எல்லாக் கோடெக்குகளையும் ஏற்பதில்லை. காரணம் பெரும்பாலும் உரிமக் கட்டணம். எச்.264, எச்.265 ஆகியவற்றின் பின்னே பல நிறுவனங்களின் காப்புரிமைகள் உள்ளன. அவற்றுக்கு மாற்றாகக் கட்டணமற்ற வழி வேண்டும் என்ற நோக்கில் வெப்.எம்., ஏ.வி.1 முதலியவை உருவாயின. இந்த இழுபறியின் விளைவு, ஓர் உலாவியில் ஓடுவது மற்றொன்றில் ஓடாமற்போவது. எச்.264 கோடெக்கும் ஏ.ஏ.சி. ஒலியும் கொண்ட எம்.பி.4 கோப்பு இன்றைய முதன்மை உலாவிகள் அனைத்திலும் ஓடும். பிறருக்கு அனுப்புவதற்கு இதுவே பாதுகாப்பான தேர்வு. எச்.265 கோப்பு ஓடுவது, உலாவி, அதன் பதிப்பு, கணினியின் வன்பொருள் ஆகிய மூன்றையும் பொறுத்தது.

3. அறிகுறியைக் கொண்டு காரணம் காணல்

மருத்துவர் நாடி பார்ப்பதைப் போல, அறிகுறியை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

*ஒலி கேட்கிறது, படம் இல்லை.* அந்த ஒரு கோப்பு மட்டும் இவ்வாறு இருந்தால், படத்தின் கோடெக்கை உலாவி அறியவில்லை என்று பொருள். எல்லாக் காணொளிகளும் கறுப்பாகவோ பச்சைத் திரையாகவோ தோன்றினால், கணினியின் வரைகலை வன்பொருளுக்கும் உலாவிக்கும் இடையே இணக்கமில்லை என்று கொள்ளலாம். குரோம், எட்ஜ் ஆகியவற்றின் அமைப்புகளில் 'சிஸ்டம்' என்ற பகுதியில், வரைகலை அல்லது வன்பொருள் முடுக்கத்தைப் பயன்படுத்துவதற்கான பொத்தான் இருக்கும். அதனை அணைத்து, உலாவியை மூடித் திறந்து பாருங்கள். படம் வந்துவிட்டால் குற்றவாளி வன்பொருளின் இயக்கி மென்பொருளே. அதைப் புதுப்பித்த பின் பொத்தானை மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

*படம் ஓடுகிறது, ஒலி இல்லை.* முதலில் எளியவற்றைப் பார்ப்போம். பக்கத்தில் தானாகத் தொடங்கும் காணொளிகள் ஒலியின்றியே தொடங்க வேண்டும் என்று முதன்மை உலாவிகள் விதித்திருக்கின்றன. குரோம் இவ்விதியை 2018 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. ஆகவே காணொளியின் ஓரத்திலுள்ள ஒலிப்பெருக்கிக் குறியை ஒருமுறை அழுத்த வேண்டியிருக்கலாம். அடுத்து, உலாவியின் அந்தத் தத்தல் ஒலி அடக்கப்பட்டுள்ளதா என்றும், ஒலி அடுத்த அறையிலுள்ள புளூடூத் கருவிக்குச் சென்றுகொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். திரையரங்குத் தர ஒலிக்கான ஏ.சி.3, டி.டி.எஸ். போன்ற ஒலிக் கோடெக்குகளைப் பல உலாவிகள் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

*சக்கரம் சுழல்கிறது.* இங்கே ஓர் அலகுக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன; கோப்பின் அளவு மெகாபைட்டில் உள்ளது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். நொடிக்கு 4 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 60 மெகாபைட் கோப்பு வந்துசேர 120 நொடி ஆகும். பெரிய காணொளித் தளங்கள் ஒரே படத்தைப் பல தரங்களில், சில நொடித் துண்டுகளாக வெட்டி வைத்திருந்து, இணைப்பின் வேகத்துக்கேற்பத் தரத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றன. அங்கே தரத்தை 480-க்குக் குறைத்தால் ஓட்டம் சீராகும். ஒற்றைக் கோப்பாக ஏற்றப்பட்ட காணொளியில் இந்த வசதி இல்லை. மேலும், முன்பு கூறிய அட்டவணை எம்.பி.4 கோப்பின் இறுதியில் இருந்தால், அந்த இறுதிப் பகுதி கைக்கு வரும்வரை உலாவியால் தொடங்க இயலாது. இது கோப்பை ஏற்றியவர் திருத்த வேண்டிய குறை. பார்ப்பவர் பொறுமையாகக் காத்திருப்பதே வழி.

*கைப்பேசியில் எடுத்தது கணினியில் ஓடவில்லை.* 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல், ஆதரவுள்ள ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்த எச்.265 முறையில் பதிவு செய்யவல்லவை. அமைப்புகளில் கேமரா, பின் ஃபார்மட்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தால், அதன்பின் எடுக்கும் வழக்கமான காணொளிகள் எச்.264 முறையில் பதிவாகும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் கேமரா அமைப்பிலும் இதற்கு நிகரான தேர்வு உண்டு.

*எந்தத் தளத்திலும் எதுவும் ஓடவில்லை.* கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் உள்மின்கலம் தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். பாதுகாப்புச் சான்றிதழ்களின் காலத்தைச் சரிபார்க்கும் உலாவி, எல்லாத் தளங்களையும் ஐயுற்றுத் தடுக்கும். தேதியைத் திருத்தினாலே போதும். விண்டோஸ் 7 அல்லது 8.1 உள்ள கணினி எனில், 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பு முதல் குரோம் உலாவி அவற்றில் இயங்குவதில்லை. அத்தகைய கணினியில் காணொளி ஓடாதது சிறு குறை. அதில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது பெரும் இடர்.

*ஓடாமல் பதிவிறங்குகிறது.* ஒரு கோப்பு காணொளியா வேறொன்றா என்பதை, வழங்கி அனுப்பும் குறிப்பைக் கொண்டே உலாவி முடிவு செய்கிறது. அக்குறிப்பு தவறாக இருந்தால் கோப்பு ஓடாமல் பதிவிறங்கும். இவ்விடத்தில் அவசரப்பட்டுத் திறக்காமல், கோப்பின் முழுப்பெயரைப் பார்க்க வேண்டும். ஏன் என்பதை ஐந்தாம் பகுதியில் காண்போம்.

சோதனையை எப்போதும் எளியதிலிருந்து கடினமானதை நோக்கிச் செய்ய வேண்டும்:

1. பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள்.
2. மற்றொரு தளத்தின் காணொளியை ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் குறை நம்மிடம் இல்லாமல் அத்தளத்திலோ கோப்பிலோ இருக்க வாய்ப்பு மிகுதி.
3. உலாவியின் மறைச் சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் ஏதேனும் ஒரு நீட்சியோ, பழைய தற்காலிகக் கோப்புகளோ தடையாக இருக்கின்றன. நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்துக் காரணத்தைக் கண்டறியலாம்.
4. உலாவியை அதன் அமைப்புகளுக்குள் சென்று புதுப்பித்து, மூடித் திறங்கள்.
5. கணினியில் உள்ள வேறோர் உலாவியில் முயலுங்கள்.
6. அலுவலக இணைப்பில் காணொளித் தளங்கள் தடுக்கப்பட்டிருக்கலாம். கைப்பேசி இணைப்பில் சோதியுங்கள்.

இந்த ஆறு படிகளுள் எதிலும் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. நாமே காணொளியில் தோன்றும்போது

காணொளி வழி அடையாளச் சரிபார்ப்பில் உலாவி இருவழிப் பாதையாகிறது. இங்கே எழும் தடைகள் வேறு வகையின.

பாதுகாப்பான இணைப்பு உள்ள பக்கங்களுக்கு மட்டுமே உலாவி கேமராவைத் தரும். முதன்முறை இசைவு கேட்கும்போது தவறுதலாக மறுத்துவிட்டால், அந்தத் தளம் மீண்டும் கேட்காமலே இருக்கக்கூடும். முகவரிப் பட்டியின் இடப்பக்கத்திலுள்ள குறியை அழுத்தி, கேமரா, மைக், இருப்பிடம் ஆகிய மூன்றுக்கும் இசைவு அளிக்க வேண்டும். வேறொரு கூட்டச் செயலி கேமராவைப் பிடித்துவைத்திருந்தால் திரை கறுப்பாகவே இருக்கும். அதை முற்றாக மூடிவிடுங்கள். குறுஞ்செய்தியிலோ அரட்டைச் செயலியிலோ வந்த இணைப்பை அழுத்தும்போது, அச்செயலிக்குள்ளேயே ஒரு சிறு உலாவி திறப்பதுண்டு. அதில் கேமரா இயங்காமற்போகலாம். வங்கித் தளத்தின் முகவரியை முழு உலாவியில் நாமே தட்டச்சு செய்து செல்வது, இக்குறையையும் தீர்க்கும். போலி இணைப்பில் சிக்கும் இடரையும் தவிர்க்கும்.

இருப்பிடம் ஏன் கேட்கப்படுகிறது என்று ஐயுறுவோர் உண்டு. வாடிக்கையாளர் இந்தியாவில் இருப்பதை உறுதிசெய்யவும், பதிவில் இருப்பிடக் குறிப்பையும் நேரத்தையும் பொறிக்கவும் ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் வங்கிகளைப் பணிக்கின்றன. வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கவும் விதி உண்டு. எனவே வி.பி.என். செயலியோ நீட்சியோ இயங்கிக்கொண்டிருந்தால், சென்னையில் அமர்ந்திருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவராகத் தோன்றி, தொடர்பு மறுக்கப்படலாம். அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அழைப்பு நடுவே துண்டிக்கப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர இயலாது. புதிய அமர்வையே தொடங்க வேண்டும் என்பதும் அவ்விதிமுறைகளில் உள்ளதே. அதிகாரி நம்மை அலைக்கழிப்பதாக எண்ண வேண்டியதில்லை. மின்னேற்றம் நிறைந்த கருவி, முகத்துக்கு எதிரே வரும் வெளிச்சம், நிலையான இணைப்பு, கையருகே பான் அட்டை ஆகியவற்றை முன்னரே ஆயத்தம் செய்துகொண்டால் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். பதிவுசெய்த காணொளியைக் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்க, அதிகாரி கேட்கும் கேள்விகளும் அவற்றின் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும். அருகிலிருந்து ஒருவர் விடையை எடுத்துக் கொடுத்தால் சரிபார்ப்பு நிராகரிக்கப்படும். முதிய பெற்றோருக்கு உதவும் பிள்ளைகள், கருவியை அமைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே நன்று.

அட்டையின் பின் எண்ணையோ, இணைய வங்கிக் கடவுச்சொல்லையோ, யு.பி.ஐ. ரகசிய எண்ணையோ எந்தச் சரிபார்ப்பிலும் எந்த அதிகாரியும் கேட்பதில்லை. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் இல்லை. கேட்டால், அழைத்தவர் வங்கியைச் சேர்ந்தவர் இல்லை என்று முடிவு செய்து அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

5. ஓடாத காணொளி என்னும் வலை

'படம் ஓட இந்தக் கோடெக் தேவை' என்று சொல்லித் தீநிரலை நிறுவவைக்கும் தந்திரம் புதிதன்று. 2005-ஆம் ஆண்டளவில் பரவிய ஸ்லோப் என்னும் தீநிரல் இவ்வழியில்தான் கணினிகளுக்குள் புகுந்தது. உலாவிகள் மாறின, தந்திரம் மாறவில்லை. இன்று அது நான்கு வேடங்களில் வருகிறது.

முதலாவது, போலிப் பிளேயர். காணொளிப் பெட்டி போலவே ஒரு படத்தை வரைந்து, அதன் மேல் 'பிளேயர் பழையது, புதுப்பிக்கவும்' என்ற பொத்தானை வைத்திருப்பார்கள். உலாவி ஒருபோதும் பக்கத்தின் நடுவே இவ்வாறு கேட்பதில்லை. புதுப்பித்தல் என்பது உலாவியின் அமைப்புகளுக்குள் நிகழ வேண்டியது.

இரண்டாவது, இரட்டைப் பின்னொட்டு. விண்டோஸ் இயல்பாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்துவிடும். 'திருமணம்.எம்பி4.இஎக்ஸ்இ' என்ற நிரல், 'திருமணம்.எம்பி4' என்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். காணொளியின் குறிப்படத்தையும் அது அணிந்திருக்கும். விண்டோஸ் 11-இல் கோப்பு உலாவியின் 'வியூ', 'ஷோ' ஆகியவற்றினுள் கோப்புப் பெயர்ப் பின்னொட்டைக் காட்டும் தேர்வு உள்ளது. இன்றே அதைப் போட்டுவையுங்கள்.

மூன்றாவது, கைப்பேசிக்கு வரும் ஏ.பி.கே. கோப்பு. 'இந்தக் காணொளியில் இருப்பது நீங்களா?' என்பது போன்ற செய்தியுடன் வரும். ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு. காணொளி ஒருபோதும் அப்பெயரில் வாராது. அதை அழுத்தினால், அறியாத இடத்திலிருந்து நிறுவ இசைவு கேட்கும். அடுத்து குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்கும். அதற்கடுத்து, திரையில் உள்ளதையெல்லாம் காணவல்ல அணுகல்தன்மை இசைவைக் கேட்கும். படம் காட்டும் செயலிக்கு நம் குறுஞ்செய்தி எதற்கு? அதில் ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறது என்பதே விடை.

நான்காவது, அண்மைக் காலத்தில் பரவியிருப்பது. 'காணொளியைக் காட்ட இயலவில்லை. சரிசெய்ய விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தி, பின்னர் ஒட்டி, என்டர் தட்டுக' என்று ஒரு பக்கம் வழிகாட்டும். நாம் எதையும் நகலெடுக்கவில்லையே என்று தோன்றலாம். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்திய கணத்தில், ஒரு கட்டளையை அது நமக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்துவிடுகிறது. நம் கையாலேயே நம் கணினியின் கதவைத் திறக்கவைக்கும் சூழ்ச்சி இது. எந்த உண்மையான தளமும் காணொளிக்காக இவ்வாறு கேட்காது.

இவற்றுடன் இரு சிறு எச்சரிக்கைகள். 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' இசைவு கேட்கும் காணொளி நீட்சிகளைத் தவிருங்கள். எல்லாத் தளங்கள் என்பதில் வங்கித் தளமும் அடங்கும். அடையாள ஆவணங்கள் தெரியும் காணொளியை, வடிவம் மாற்றித் தருவதாகச் சொல்லும் முன்பின் அறியாத இணையதளங்களில் ஏற்றாதீர்கள். நம்பகமான கோப்பு ஒன்று உலாவியில் ஓடவில்லையெனில், வி.எல்.சி. போன்ற அறிமுகமான பிளேயரை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தோ செயலிக் கடையிலிருந்தோ நாமே தேடிப் பெறலாம். நாம் தேடிச் சென்று பெறுவதற்கும், நம்மைத் தேடி வந்து திணிக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வங்கித் தளங்களுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. இந்திய வங்கிகள் தம் இணைய முகவரிகளை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கியின் பெயரில் வரும் காணொளிப் பக்கத்தின் முகவரி எவ்வாறு முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. நிறுவிவிட்டோம் என்று தெரிந்தால்

வெட்கமோ தயக்கமோ வேண்டாம். இங்கே நிமிடங்களுக்கு மதிப்புண்டு. முதலில் அக்கருவியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். கைப்பேசி எனில் விமான நிலைக்கு மாற்றுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கியை அழையுங்கள். அழைப்பு எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், அட்டையின் பின்புறத்திலிருந்தோ கணக்குப் புத்தகத்திலிருந்தோ எடுங்கள். அட்டை, யு.பி.ஐ., இணைய வங்கிச் சேவை ஆகியவற்றை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். கடவுச்சொற்களைத் தூய்மையான கருவியிலிருந்தே மாற்ற வேண்டும். தீநிரல் உள்ள கருவியில் மாற்றினால் புதிய சொல்லும் களவுபோகும். வந்த செய்தியையும் இணைப்பையும் அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். அதன் பின்னரே கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கலாம்.

விரைவு ஏன் இன்றியமையாதது என்பதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை விடை தருகிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான இழப்பு அவரைச் சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கி ஏற்க வேண்டும் என்பது அதில் கூறப்பட்ட நெறி. ஒரு மணி நேரத் தயக்கத்தின் விலை என்ன என்பதை இந்நெறியே உணர்த்தும்.

சிந்தித்து விடை காண்க

*வினா 1:* பேரன் அனுப்பிய எம்.பி.4 கோப்பு கைப்பேசியில் ஓடுகிறது. மேசைக் கணினியில் ஒலி மட்டும் வருகிறது. பிற காணொளிகள் அக்கணினியில் நன்றாக ஓடுகின்றன. காரணம் என்னவாக இருக்கலாம்?
*விடை:* கோப்பினுள் இருப்பது அக்கணினியின் உலாவி அறியாத கோடெக், பெரும்பாலும் எச்.265. எச்.264 முறையில் மீண்டும் அனுப்பச் சொல்லலாம்.

*வினா 2:* அடையாளச் சரிபார்ப்பில் கேமரா தெளிவாக உள்ளது. இணைப்பும் வேகமாக உள்ளது. ஆனால், 'உங்கள் இருப்பிடத்திலிருந்து சேவை இல்லை' என்று வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும்?
*விடை:* வி.பி.என். இயங்குகிறதா என்பதையும், இருப்பிட இசைவு தரப்பட்டுள்ளதா என்பதையும்.

*வினா 3:* அரசு உதவித்தொகை பற்றிய காணொளி என்று வந்த கோப்பைத் திறந்ததும், குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்கிறது. என்ன செய்வீர்கள்?
*விடை:* மறுக்க வேண்டும். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். செயலி திறந்துவிட்டதால் அது ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டது என்பதை மறவாதீர்கள்.

மூன்றாம் வினாவை மட்டுமேனும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தயங்கினால், இப்பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.